சந்திரசேகர் கப்பலில் போட்ட கணக்கு

இம்முறை புத்தாண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை வேணும், பிள்ளையளும் வாசிக்கவேணும், தாய் தகப்பனும் வாசிக்கவேணும் என்று மலர்க்குழுத் தம்பிமார் கேட்டுக்கொண்டார்கள். ஊரில் பௌதிகவியல் படிப்பித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பிடித்துவிட்டார்கள். கிளென் ஈடனுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் இங்கே என்னை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறகு எப்படி மறுப்பது?

என்ன எழுதுவது என்பதை ஒரு சின்னப் பிள்ளை தீர்மானித்துத் தந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கருந்துளையைப் பற்றிக் கதை வந்தபோது, பார்க்கவே ஏலாத ஒரு சாமான் அங்கே இருக்குது எண்டு எப்பிடித் தெரியும் என்று அந்தப் பிள்ளை கேட்டது. அதோடு விட்டதா? மங்கலாகத் தெரிகிற வேறு ஏதாவது செத்துப்போன விண்மீனைப் பார்த்துவிட்டுக் கருந்துளை எண்டு பிழையாய்ச் சொல்லமாட்டினமோ என்றும் கேட்டது. விஞ்ஞானிகளே பல வருடம் மண்டையைப் போட்டு உடைத்த கேள்வி இது. இதற்கு மறுமொழி சொல்வதென்றால் சுப்ரமணியன் சந்திரசேகர் என்ற தமிழரில் இருந்துதான் தொடங்கவேணும்.

சந்திரசேகர் பிறந்தது 1910 ஒக்டோபர் 19 ஆம் திகதி, லாகூரில். தகப்பன் சுப்ரமணிய ஐயர் ரெயில்வேயில் பெரிய கணக்குப் பதவியில் இருந்தவர். உத்தியோக மாற்றம் எங்கே போகச் சொல்லுதோ அங்கே குடும்பமும் போகும். 1916 இல் லக்னோ, 1918 இல் சென்னை. பத்துப் பிள்ளைகள். ஆண்பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். தகப்பனுடைய தம்பி வேறு யாருமல்ல, சேர் சி.வி. இராமன்தான். தாய் சீதாலட்சுமி பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாவிட்டாலும் தானாக வாசித்து வளர்ந்த மனுசி. இப்சன் என்ற நோர்வே நாடகாசிரியரின் பொம்மை வீடு என்ற நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர். நோர்வேயில் இருக்கும் எங்கள் உறவினருக்கு இது ஒரு புதினமாக இருக்கும்.

கணித மேதை இராமானுசன் 1920 இல் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்துச் சந்திரசேகருக்குச் சொன்னதும் இந்தத் தாய்தான். அப்போது அவருக்கு ஒன்பது வயது. தன்னைப்போல ஒரு தமிழ்ப் பிள்ளை கேம்பிரிஜ் வரை போய்ப் பெயரெடுக்கலாம் என்ற எண்ணம் அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. தகப்பனுக்கு மகன் ஐ.சி.எஸ். எழுதிக் கலெக்டராக வரவேணும் என்று ஆசை. எங்கள் தகப்பன்மார் டொக்டர், எஞ்சினியர் என்று நிற்பதில்லையா, அதே கதைதான். தாய் மகன் பக்கம் நின்றார். 1928 இல் சொமர்ஃபெல்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹொட்டேலுக்கே போய்விட்டார். அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிப்போச்சு, அணுவைப் பற்றிய விளக்கமே மாறிவிட்டது என்று சொமர்ஃபெல்ட் எடுத்துச் சொல்லி, அச்சாகாத தன்னுடைய புதிய கட்டுரை ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டார். பதினெட்டு வயதுப் பெடியன் உடைந்துபோயிருக்கவேணும். இவர் அந்தப் புதுப் பௌதிகத்தைத் தானாகவே படித்து, சில மாதங்களுக்குள் தன்னுடைய முதலாவது ஆய்வுக் கட்டுரைகளை எழுதத் தொடங்கிவிட்டார்.

1930 இல் பட்டம் முடிந்ததும் அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. ஆனால் தாய் கடும் நோயில் படுத்திருந்தார். போனால் திரும்பி வந்து முகம் பார்க்கமுடியுமோ தெரியாது. சந்திரசேகர் தயங்கினார். போகவேணும் என்று உறுதியாக நின்றது அந்தத் தாயேதான். 1930 யூலை 31 ஆம் திகதி பம்பாயில் பில்ஸ்னா என்ற இத்தாலியக் கப்பலில் ஏறினார். தாய் 1931 மே மாதம் இறந்துபோனார். மகன் அப்போது கேம்பிரிஜில். இந்த வரிகளைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது சொந்தக் கதை என்று எனக்குத் தெரியும், ஆகவே மேலே போகிறேன்.

ஆடி மாதத்து அரபிக்கடல் கப்பல்காரருக்கே பயம் காட்டும் கடல். அது கொஞ்சம் அடங்கியதும் சந்திரசேகர் கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மேல்தட்டில் ஒரு கதிரையில் இருந்துவிட்டார். வயது இன்னும் இருபது ஆகவில்லை. அவர் போட்ட கணக்கு என்ன என்று கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் மிச்சக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது.

சூரியன் ஒரு பெரிய வாயு உருண்டை. அதன் எடையே அதை உள்ளுக்கு நசுக்கப் பார்க்கிறது. உள்ளே ஐதரசன் எரிந்து வரும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும் வரைக்கும் விண்மீன் உயிரோடு இருக்கும். எரிபொருள் முடிந்தால்? சுருங்கவேண்டியதுதான். சிரியஸ் என்ற பிரகாசமான விண்மீனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துணை இருக்கிறது. சூரியனளவு திணிவு, ஆனால் பருமனோ எங்கள் பூமியளவுதான். இப்படிப்பட்டவற்றை வெண்குள்ளன் என்பார்கள். நெருப்பு அணைந்த பிறகு அது ஏன் இன்னும் சுருங்காமல் நிற்கிறது என்பதற்கு 1926 இல் ரால்ஃப் பவுலர் என்ற கேம்பிரிஜ் பேராசிரியர் விடை சொன்னார். இலத்திரன்கள்தான் தாங்கிப் பிடிக்கின்றன என்றார்.

எங்கள் ஊர் மினிபஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கோ. கொண்டக்டர் எவ்வளவுதான் உள்ளே தள்ளினாலும் ஒருவர் நிற்கிற இடத்தில் இன்னொருவர் நிற்கமுடியாது. இலத்திரன்களும் அப்படித்தான், ஒரே நிலையில் இரண்டு இருக்கமாட்டா. நசுக்க நசுக்கக் கீழ்ப்படிகள் நிரம்பிவிடும், பிறகு வருகிறவை மேலும் மேலும் வேகமாக ஓடவேணும். அந்த ஓட்டம்தான் வெளியே தள்ளும் அமுக்கம். பவுலரின் கணக்கு இதோடு நின்றது. சந்திரசேகர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இலத்திரன் இப்படி வேகம் கூடிக்கொண்டே போனால் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுமே, அதைத் தாண்ட எந்தப் பொருளாலும் முடியாதே, அப்போது என்ன ஆகும்? ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைச் சேர்த்துக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட திணிவுக்கு மேலே போனால் இலத்திரன்களின் தள்ளு காணாது. விண்மீன் சுருங்கத் தொடங்கினால் வெண்குள்ளனாக நிற்கமாட்டாது.

முதலில் அவருக்கு வந்த எண் சூரியனின் திணிவில் 0.91 மடங்கு. விண்மீனின் உள்ளே என்ன மூலகங்கள் இருக்கின்றன என்பது சரியாகத் தெரியவந்த பிறகு அது 1.4 மடங்கு ஆயிற்று. இன்று உலகம் முழுவதும் சந்திரசேகர் எல்லை என்று படிப்பிப்பது இந்த எண்ணைத்தான். நியாயத்துக்காக ஒன்றையும் சொல்லவேணும். எட்மண்ட் ஸ்ரோனர் என்ற ஆங்கிலேயரும் அதே காலத்தில் வேறொரு வழியால் இப்படியொரு எல்லைக்கு வந்திருந்தார். ஆனால் விடாமல் பின்தொடர்ந்து, ஒரு முழு விண்மீனுக்கும் கணக்கைச் செய்து முடித்து, அதற்காக அடியும் வாங்கியவர் சந்திரசேகர்தான்.

அந்த அடி விழுந்தது 1935 சனவரி 11 ஆம் திகதி, லண்டனில், ராஜரீக வானியற் சங்கத்தின் கூட்டத்தில். அப்போது அவருக்கு 24 வயது. கலாநிதிப் பட்டம் எடுத்து, ட்ரினிற்றிக் கல்லூரியில் ஆய்வாளராக இருந்தார். ஆர்தர் எடிங்டன் அந்தக் காலத்து வானியலின் முடிசூடா மன்னர். ஐன்ஸ்டைனின் கொள்கையை 1919 சூரிய கிரகணத்தில் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர். அவர் மாதக்கணக்கில் சந்திரசேகரின் அறைக்கு வந்து, வேலை எப்படிப் போகுது என்று பார்த்துவிட்டுப் போனவர். கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக்கூட எடுத்துக் கொடுத்து உதவியவர். ஆனால் மனதில் இருந்ததை ஒருநாளும் வாய்திறந்து சொல்லவில்லை. கூட்டத்துக்குச் சற்று முன்னர்தான், தனக்கு அடுத்ததாக எடிங்டன் அதே விஷயத்தைப் பற்றிப் பேசப்போகிறார் என்று சந்திரசேகருக்குத் தெரியவந்தது.

சந்திரசேகர் பேசி முடித்தார். எடிங்டன் எழும்பினார். இந்தக் கணக்கின்படி பார்த்தால் விண்மீன் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் வெளிச்சம்கூட வெளியே வரமுடியாத ஒரு நிலைக்குப் போய்விடும் என்று அவரே எடுத்துக் காட்டினார். கருந்துளை என்ற சொல் பிறக்கமுன்னர் கருந்துளையை வர்ணித்துவிட்டார். ஆனால் இதை அவர் சொன்னது பகிடியாக. இப்படியான மடத்தனத்தை இயற்கை அனுமதிக்காது, ஆகவே கணக்கின் அத்திவாரத்திலேயே பிழை இருக்கவேணும் என்று முடித்தார். மண்டபம் சிரித்தது. பதில் சொல்ல இளைஞனுக்கு இடம் கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது செத்தவீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல ஆட்கள் வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

அதே வருடம் பாரிஸில் நடந்த சர்வதேச வானியல் மாநாட்டிலும் எடிங்டன் திரும்ப அதையே பேசினார். அங்கேயும் சந்திரசேகருக்கு மறுமொழி சொல்ல இடம் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தின் பெரிய பௌதிக மேதைகள், நீல்ஸ் போர், பவுலி போன்றவர்கள், தனிப்படக் கேட்டபோது சந்திரசேகரின் பக்கம்தான் சரி என்றார்கள். வெளியிலே வந்து சொல்லுங்கோ என்றால் ஒருவரும் வரவில்லை. எனக்கு எடிங்டனில் இருக்கும் கோபத்தைவிட இவர்களில் இருக்கும் கோபம் கூட. எடிங்டன் தான் நம்பியதைச் சொன்னார், பிழையாகச் சொன்னார். இவர்களோ சரியைத் தெரிந்துகொண்டு சும்மா இருந்தார்கள்.

சந்திரசேகர் சண்டை பிடிக்கவில்லை. தன் கணக்குகள் எல்லாவற்றையும் 1939 இல் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு அந்தத் துறையை விட்டே போய்விட்டார். வேறு துறைக்குப் போவது, பத்து வருடம் அதில் மூழ்குவது, ஒரு பெரிய புத்தகம் எழுதுவது, பிறகு எழும்பி இன்னொன்றுக்குப் போவது என்பதே அவருடைய வாழ்க்கை முறையாகிவிட்டது. இன்னொரு புதுமை, எடிங்டனோடு பகைக்கவும் இல்லை. இருவரும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். எடிங்டன் 1944 இல் காலமானபோது மதிப்போடு அஞ்சலி செய்தார். 1982 இல் எடிங்டனின் நூற்றாண்டுக்குக் கேம்பிரிஜில் போய் அவருடைய பெருமையைப் பேசியதும் இவர்தான். என்னால் இப்படி இருந்திருக்க முடியாது, உண்மையைச் சொல்கிறேன்.

1936 இல் ஊருக்குப் போய், மாநிலக் கல்லூரியில் தன்னோடு பௌதிகம் படித்த லலிதாவைத் திருமணம் செய்தார். அந்தப் பயணத்தில் இன்னொரு வேலையும் செய்தார். இராமானுசனின் நல்ல படம் ஒன்றும் இல்லையே என்று கேம்பிரிஜில் ஹார்டி கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சந்திரசேகர் சென்னையில் இராமானுசனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப்போய்க் கேட்டார். அவரிடம் இருந்தது பாஸ்போட்டில் ஒட்டியிருந்த படம். அதைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்று நாங்கள் எல்லோரும் பார்க்கிற இராமானுசனின் முகம் அதுதான்.

1937 இல் அமெரிக்காவுக்குப் போனார். சிக்காகோப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான யேர்க்ஸ் வானியல் ஆய்வுகூடம் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கேதான் சீவியம். தோல் நிறத்துக்காக அவர் பல்கலைக்கழக வளவுக்குள் வகுப்பு எடுப்பதை ஒரு பீடாதிபதி விரும்பவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டுத்தான் அதை மாற்றினார். பனிக்காலத்திலும் நூறு கிலோமீற்றருக்கு மேல் கார் ஓட்டிச் சிக்காகோவுக்கு வந்து, இரண்டே இரண்டு சீன மாணவருக்கு வகுப்பு எடுத்தார் என்று ஒரு கதை சொல்லுவினம். அந்த லீயும் யாங்கும் 1957 இல் நோபல் பரிசு வாங்கினார்கள், குருவுக்கு முதலே. 1953 இல் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தார். தகப்பனுக்கு அது பெரிய மனத்தாங்கல். சாகும்வரை மரக்கறிச் சாப்பாடுதான். கோட்டும் ரையும் இல்லாமல் வகுப்புக்கு வந்ததில்லை.

அவர் கைவிட்டுப் போன கேள்வி இதற்கிடையில் தானாக வளர்ந்தது. 1932 இல் நியூத்திரன் கண்டுபிடிக்கப்பட்டது. 1.4 என்ற எல்லையைத் தாண்டிய விண்மீனில் இலத்திரனும் புரோத்தனும் ஒன்றாக நசிந்து நியூத்திரன் ஆகிவிடும், அந்த நியூத்திரன்கள் ஒருவேளை தாங்கலாம் என்று கண்டார்கள். அதுதான் நியூத்திரன் விண்மீன். சூரியனை விடக் கூடிய திணிவு, அகலமோ இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர், ஒக்லாந்து நகருக்குள் வைத்துவிடலாம். அதில் ஒரு தேக்கரண்டி நூறு கோடி தொன்னுக்கு மேல் நிறுக்கும். அதற்கும் ஒரு எல்லை உண்டு, சுமார் மூன்று சூரியன். அதையும் தாண்டினால் பிடிக்க ஒன்றும் இல்லை. எடிங்டன் பகிடியாகச் சொன்ன இடத்துக்கே போய்விடும்.

1967 இல் ஜோசலின் பெல் என்ற மாணவி துடிக்கும் நியூத்திரன் விண்மீன்களைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே 1962 இல் றொக்கற்றில் ஏற்றிய கருவி ஒன்று விருச்சிக ராசிப் பக்கத்திலிருந்து எக்ஸ்றே கதிர் வருவதைக் கண்டது. எக்ஸ்றேயை எங்கள் வளிமண்டலம் மறித்துவிடும், அதனால்தான் றொக்கற்றும் செய்மதியும் தேவை. இந்தக் கதிர் எங்கிருந்து வருகிறது? இரட்டை விண்மீன்களில் ஒன்று செத்துப்போய் நியூத்திரன் விண்மீனாகவோ கருந்துளையாகவோ கிடக்கும். மற்றது உயிரோடு சுற்றிவரும். செத்தது உயிருள்ளதிலிருந்து வாயுவை உறிஞ்சும். அந்த வாயு சுழன்று சுழன்று விழும்போது கோடிக்கணக்கான பாகை சூடாகி எக்ஸ்றேயை வீசும்.

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். கிடப்பது எது, நியூத்திரனா, கருந்துளையா? பருமனை வைத்துச் சொல்லமுடியாது. மூன்று சூரியன் திணிவுள்ள கருந்துளையும் ஏறக்குறைய இருபது கிலோமீற்றர்தான். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இரண்டும் ஒரு புள்ளிகூட இல்லை. 2019 ஏப்ரலில், எங்கள் புத்தாண்டுக்குச் சில நாள் முன், பேப்பர் எல்லாவற்றிலும் வந்ததே கருந்துளையின் படம், அது பல நூறு கோடி சூரியன் திணிவுள்ள பூதம். விண்மீன் செத்து வந்த சின்னக் கருந்துளைகளை அப்படிப் படம் எடுக்க வழியில்லை.

ஒரு வழி, நிறுத்துப் பார்ப்பது. 1975 ஓகஸ்ட் மாதம் மொனொசெரஸ் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு எக்ஸ்றே மூலம் திடீரென்று கிளம்பி, வானத்திலேயே மிகப் பிரகாசமானதாக நின்றது. பழைய படத்தட்டுகளைத் தோண்டிப் பார்த்தபோது 1917 இலும் அதே இடத்தில் ஒரு விண்மீன் வெடித்துக் கிளம்பியது தெரிந்தது. பிறகு மங்கி அடங்கிவிட்டது. அடங்கிய பிறகு, சுற்றிவரும் உயிருள்ள விண்மீனைத் தொலைகாட்டியால் பார்க்கலாம். அது ஏழே முக்கால் மணித்தியாலத்தில் ஒரு சுற்று வருகிறது, நொடிக்கு 400 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. இந்த ஓட்டம் ஓடவேண்டுமானால் நடுவில் கிடப்பது மூன்று சூரியனுக்கு மேல் இருக்கவேணும் என்று 1986 இல் மக்ளின்ரொக், ரெமிலார்ட் என்ற இருவர் காட்டினார்கள். ஆகவே கருந்துளை.

சரி, முடிந்ததா? இல்லை. இது எப்படியென்றால், இந்தக் காலடி பெரிது, ஆகவே பூனையாக இருக்கமுடியாது என்பது மாதிரி. அது புலிதான் என்று காட்டவில்லை. கருந்துளைக்கும் நியூத்திரன் விண்மீனுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் எடை அல்ல, மேற்பரப்பு. நியூத்திரன் விண்மீனுக்கு ஒரு தரை உண்டு. கருந்துளைக்குத் தரை இல்லை, திரும்பிவர ஏலாத ஒரு எல்லை மாத்திரம்தான். அந்தத் தரை இல்லாமையை எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்வி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் சந்திரசேகரும் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தார். அறுபது வயது தாண்டி, இருதய நோயோடு போராடிக்கொண்டு, கருந்துளையின் கணிதத்தை முழுக்க எழுதி முடித்தார். புத்தகம் வந்தது 1983 இல். அதே வருடம் ஒக்டோபரில் நோபல் பரிசும் வந்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு 53 வருடம் கழித்து. பரிசுக் குறிப்பில் தன் இளமைக்கால வேலையைத்தான் முன்னுக்கு வைத்தார்கள் என்று அவருக்குக் கொஞ்சம் மனவருத்தமும் இருந்தது. 1983 எங்களுக்கு என்ன வருடம் என்று நான் எழுதத் தேவையில்லை. ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வந்து இறங்கினவர்களில் நானும் ஒருவன். ஒரு தமிழருக்கு நோபல் பரிசு கிடைத்த செய்தி என் காதுக்கு எட்டியபோது அடுத்த வருடம் பாதி போய்விட்டது.

1995 ஓகஸ்ட் 21 ஆம் திகதி சிக்காகோவில் சந்திரசேகர் மாரடைப்பால் காலமானார். 84 வயது. அந்த வருடம்தான் நியூட்டனின் பெரிய நூலைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் அவருடைய கடைசிப் புத்தகம் வெளிவந்திருந்தது. 1999 யூலை 23 ஆம் திகதி கொலம்பியா விண்ணோடத்தில் ஒரு எக்ஸ்றே தொலைகாட்டி மேலே போனது. விண்ணோடத்தின் தளபதி எய்லீன் கொலின்ஸ், அந்தப் பதவியில் முதல் பெண். தொலைகாட்டிக்கு நாசா வைத்த பெயர் சந்திரா. பூமியிலிருந்து சந்திரனுக்குப் போகும் தூரத்தில் மூன்றிலொரு பங்குவரை போய்த் திரும்பும் பாதை அதனுடையது.

தரை இல்லாமையைப் பார்க்க ஒரு வழியைச் சொன்னவர்களில் முக்கியமானவர் ரமேஷ் நாராயண். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, பிறகு ஹாவார்ட்டில் பேராசிரியராக இருந்தவர். இந்த எக்ஸ்றே இரட்டைகள் வெடித்துக் கிளம்பும்போது பார்ப்பதை விட்டுவிட்டு, அவை நித்திரை கொள்ளும்போது பாருங்கோ என்பதுதான் யோசனை. அப்போது வாயு ஐதாக, மெல்ல மெல்ல விழும். ஐதான வாயுவால் தன் சூட்டை வெளியே வீசமுடியாது, சூட்டையும் சுமந்துகொண்டே உள்ளே போகும். உள்ளே தரை இருந்தால் அங்கே மோதி, சுமந்து வந்த சக்தி முழுவதையும் அந்த இடத்தில் கக்கவேணும். தரை இல்லாவிட்டால் சூட்டோடு சேர்ந்து காணாமல் போய்விடும்.

எங்கள் ஊர்க் கிணத்தடியை நினையுங்கோ. இருட்டில் கல்லைப் போட்டால் சளக் என்று சத்தம் வரும், அதை வைத்துத் தண்ணி எவ்வளவு கீழே கிடக்குது என்று சொல்லுவோம். சத்தமே வராத ஒரு கிணறு இருந்தால்? அடி இல்லை என்பீர்கள். அந்தப் பிள்ளையைப் போல ஒருவர் உடனே கேட்கலாம், கல்லே விழாமல் விட்டிருந்தால் என்று. சரியான கேள்வி. அதனால்தான், ஒரே அளவு சுற்றுக்காலம் உள்ள சோடிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். சுற்றுக்காலம் ஒன்றென்றால் விழுகிற வாயுவின் அளவும் பெரிதாக வேறுபடாது என்பது எதிர்பார்ப்பு. நித்திரையில் கிடக்கும் இந்த மூலங்கள் அவ்வளவு மங்கல், சந்திராவுக்கு முன் இருந்த கருவிகளால் பலவற்றைப் பிடிக்கவே ஏலாது. சந்திரா மணிக்கணக்கில் காத்திருந்து ஒளித்துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணியது. 2001 சனவரியில் கார்சியா, மக்ளின்ரொக், நாராயண் முதலியோர் முடிவை வெளியிட்டார்கள். கருந்துளை என்று எடையால் சந்தேகிக்கப்பட்டவை, நியூத்திரன் விண்மீன் இருக்கும் சோடிகளை விட ஏறக்குறைய நூறு மடங்கு மங்கலாக இருந்தன. சத்தம் வரவில்லை.

எதிர்வாதங்களும் வந்தன. நியூத்திரன் விண்மீனின் மங்கல் ஒளி, விழும் வாயுவால் வருவதல்ல, முன்பு தின்றபோது ஓட்டுக்குள் சேர்ந்த சூடு கசிவதாகவும் இருக்கலாம் என்றார்கள். கருந்துளைப் பக்கத்தில் வாயு உள்ளே போகாமல் தாரையாக வெளியே பீறிட்டுப் போகிறதோ என்றும் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. என்னைக் கேட்டால், இந்த ஒரு சாட்சியை மாத்திரம் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. ஆனால் இன்னொரு சாட்சியும் சேர்கிறது. நியூத்திரன் விண்மீனின் தரையில் வாயு குவிந்து குவிந்து, சில நேரம் அணுகுண்டுபோல ஒரேயடியாகப் பற்றி எரியும். சில நொடிகளுக்கு எக்ஸ்றே பளிச்சென்று வெடிக்கும். மூன்று சூரியனுக்கு மேல் நிறுத்த எந்த மூலத்திலும் இப்படி ஒரு வெடிப்பைக் கண்டதில்லை. குவிவதற்குத் தரை இல்லையே! எடை, மங்கல், வெடிப்பு இல்லாமை, இந்த மூன்றும் ஒரே பக்கம் விரல் நீட்டும்போது நான் நம்புகிறேன்.

பிரச்சினை முழுக்கத் தீர்ந்துவிடவும் இல்லை, அதில் நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தென்தீவில் தெக்காப்போ ஏரிக்குப் பக்கத்தில் மவுண்ட் ஜோன் மலையில், நியூசிலாந்தும் ஜப்பானும் சேர்ந்து நடத்தும் மோவா என்ற ஆய்வு, 2011 இல் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைந்ததைப் பதிவு செய்தது. போலந்து நாட்டு ஆய்வாளரும் சிலியிலிருந்து அதையே பார்த்திருந்தார்கள். துணை ஒன்றும் இல்லாமல் தனியே அலையும் ஏதோ ஒன்று குறுக்கே போய் அதன் ஒளியை வளைத்திருக்கிறது. அது என்ன? 2022 இல் ஒரு குழு ஏழு சூரியன், கருந்துளை என்றது. இன்னொரு குழு, எடை குறைவு, நியூத்திரன் விண்மீனாகவும் இருக்கலாம் என்றது. அதே பழைய கேள்வி! திரும்பத் திரும்ப அளந்து இப்போது இரண்டு குழுவும் ஆறு, ஏழு சூரியன் என்று ஒன்றாகிவிட்டார்கள். கருந்துளைதான்.

லலிதா அம்மா 2013 வரை, நூறு வயதையும் தாண்டி வாழ்ந்தார்.

பிள்ளையளுக்கு ஒரு வேலை தருகிறேன். புத்தாண்டு நாட்களில் மழை முகில் இல்லாமல் இருந்தால், இரவு ஏழு மணிபோல வெளியே வந்து வடமேற்கைப் பாருங்கோ. ஓரியன் தலைகீழாகத் தெரியும். அதில் சிவப்பாக இருப்பது திருவாதிரை, அம்மம்மாவைக் கேட்டால் அது யாருடைய நட்சத்திரம் என்று சொல்லுவா. இன்னும் உயரத்தில் பளிச்சென்று நிற்பது சிரியஸ், அதன் பக்கத்தில்தான் அந்த வெண்குள்ளன். இந்த இரண்டுக்கும் நடுவில், திருவாதிரைப் பக்கமாக, வெறுங்கண்ணுக்கு வெறுமையாகத் தெரிகிற இடத்தில்தான் 1975 இல் கிளம்பிய அந்தச் சோடி இருக்கிறது, ஏழே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றாக. தொலைகாட்டியால் வானம் பார்க்க ஆசை வந்தால் ஒன் ட்ரீ ஹில்லில் ஸ்டார்டோம் இருக்கிறது, போகிற நாளில் என்னையும் கூப்பிடுங்கோ.